சாலமும் தேக்கும்: உயிர்ப் புவியியல் – ஓர் அறிமுகம்

ஒரு நாட்டின் இயற்கை வளத்தைக் கணக்கிட முற்படுவோர் இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டியுள்ளது. எந்த இடத்தில் எந்த உயிரினம் வாழ்கின்றது என்பது முதல் வினா. அது ஏன் அங்கு வாழ்கின்றது, அடுத்த மலையிலோ அடுத்த ஆற்றுப் படுகையிலோ ஏன் காணப்படவில்லை என்பது இரண்டாவது வினா. முதல் வினாவுக்கு ஒரு பட்டியலே விடையாகிவிடும். இரண்டாவது வினாவுக்கு விடை தேடும் அறிவுத்துறை உயிர்ப் புவியியல் எனப்படும்.

இத்துறை பல்கலைக்கழக வகுப்பறைகளுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் காடு வளர்ப்பு, பயிர்த் திட்டம், நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாடு ஆகிய எதை எடுத்துக்கொண்டாலும், "இந்த மண்ணில் இது வளருமா? வளர்ந்தால் யாருக்குப் பயன்படும்?" என்ற வினா முன்னிற்கின்றது. இவ்வினாவைப் புறக்கணித்ததால் நேர்ந்த இழப்புகள் நம் நாட்டின் வளர்ச்சி வரலாற்றிலேயே பதிவாகியுள்ளன. மத்திய இந்தியாவின் இரு பெருமரங்களான சாலம், தேக்கு ஆகியவற்றின் பரவலைக் கொண்டு இத்துறையின் அடிப்படைகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பரவலைத் தீர்மானிக்கும் காரணங்கள்

ஓர் உயிரினம் ஓரிடத்தில் நிலைபெறுவதற்குத் தட்பவெப்பம், மண், வரலாறு ஆகிய மூன்றும் முதன்மையான காரணங்களாகும். மழையும் வெப்பமும் பரந்த எல்லைகளை வகுக்கின்றன. அவ்வெல்லைகளுக்குள் எந்தச் சரிவில் எந்தத் தாவரம் என்பதை மண் பெரும்பாலும் முடிவு செய்கின்றது. தட்பவெப்பமும் மண்ணும் ஏற்றதாயிருந்தும், அவ்வுயிரினம் அங்கு வந்து சேர வழியில்லாவிடில் அது அங்கு இராது. எனவே வரலாறு மூன்றாவது காரணமாகின்றது.

வரலாற்றின் வலிமைக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் ஊதாத் தவளை 2003ஆம் ஆண்டில் அறிவியல் உலகிற்கு அறிமுகமாயிற்று. ஆண்டின் பெரும் பகுதியை மண்ணுக்கடியில் கழிக்கும் இத்தவளையின் நெருங்கிய உறவினங்கள் இந்தியாவில் வேறெங்கும் இல்லை. இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள செசெல்ஸ் தீவுகளில்தான் அவை வாழ்கின்றன. தெற்கே ஒன்றாயிருந்த கோண்டுவானாப் பெருநிலம் உடைந்து, இந்தியத் துணைக்கண்டம் வடக்கு நோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவுடன் மோதியது. அந்த நீண்ட பயணத்தின் சான்றாக இச்சிறு தவளை இன்றும் வாழ்ந்து வருகின்றது.

மண் உருவாகும் முறை

மண் என்பது பாறையின் தூள் மட்டுமே என்று கருதுவது பொருந்தாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்ய அறிஞர் தொக்குசாயெவ் அந்நாட்டின் கரிய புல்வெளி மண்ணை ஆராய்ந்து, மண் தனக்கெனத் தோற்றமும் வளர்ச்சியும் கொண்ட ஓர் இயற்கைப் பொருள் என்பதை நிலைநாட்டினார். தாய்ப்பாறை, தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தின் ஏற்ற இறக்கம், காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்தே மண்ணை உருவாக்குகின்றன என்று ஹான்ஸ் ஜென்னி என்ற அறிஞர் 1941ஆம் ஆண்டில் தொகுத்துரைத்தார்.

இந்த ஐந்தினுள் உயிரினங்களும் ஒன்றாக இருப்பது கருதத்தக்கது. மண் மரத்தைத் தாங்குகின்றது. மரம் மண்ணை ஆக்குகின்றது. உதிரும் இலைகளும் மடியும் வேர்களும் மட்காகின்றன. ஆழத்திலிருந்து வேர்கள் உறிஞ்சிய தாதுச் சத்துகள் இலைச் சருகின் வழியாக மேல்மண்ணை வந்தடைகின்றன. மண்புழு, கரையான், பூஞ்சை, நுண்ணுயிர் ஆகியவை அச்சருகைச் சிதைத்து மீண்டும் உணவாக்குகின்றன. இச்சுழற்சி தொடரும் வரை மண் வளம் குன்றுவதில்லை. ஒரு செ.மீ. மண் உருவாவதற்குச் சில நூறு ஆண்டுகள் தேவைப்படலாம். காப்பற்ற சரிவில் அதை அடித்துச் செல்வதற்குச் சில பெருமழைகளே போதும்.

நாட்டின் பொதுத் தோற்றம்

உலக நிலப்பரப்பில் இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 2.4 சதவீதமே. ஆயினும் பதிவு செய்யப்பட்ட உலக உயிரினங்களில் 7 முதல் 8 சதவீதம் வரை இங்கு உள்ளன. பனிமலை, பாலைவனம், மழைக்காடு, கழிமுகம், பவழத் தீவு ஆகிய அனைத்தும் ஒரே நாட்டிற்குள் அமைந்திருப்பதே இதற்குக் காரணமாகும். 1988ஆம் ஆண்டில் டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் சார்பில் ரோட்ஜர்ஸ், பன்வார் ஆகிய இருவரும் நாட்டைப் பத்து உயிர்ப் புவியியல் மண்டலங்களாகப் பிரித்தனர். இமயத்திற்கு அப்பாற்பட்ட பகுதி, இமயம், பாலைவனம், அரைவறள் பகுதி, மேற்குத் தொடர்ச்சி மலை, தக்காணத் தீபகற்பம், கங்கைச் சமவெளி, கடற்கரை, வடகிழக்கு, தீவுகள் என்பன அவை.

மண் வகைகளுள் வண்டல், கரிசல், செம்மண், செம்பொறை மண் ஆகிய நான்கும் நாட்டின் பெரும் பகுதியில் பரவியுள்ளன. வண்டல் ஆறுகளின் கொடை. கரிசல், ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தக்காணத்தில் பெருகிய எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் பாறையிலிருந்து பெரும்பாலும் தோன்றியது. செம்மண், பழமையான கருங்கல் வகைப் பாறைகள் சிதைந்து உண்டானது. செம்பொறை மண், மிகுந்த மழையில் சத்துகள் கரைந்தோடிய பின் இரும்பும் அலுமினியமும் எஞ்சி நிற்பது. இந்த வேறுபாடுகளை உழவர்கள் பயிர் வழியாக அறிந்துள்ளனர். காடுகளோ மரங்களின் வழியாக அவற்றை எடுத்துக்காட்டுகின்றன.

இரு மரங்களின் எல்லைகள்

இந்தியாவின் இலையுதிர் காடுகளில் சாலமும் தேக்கும் பொருளாதாரச் சிறப்புடைய முதன்மை மரங்களாகும். சால மரத்தின் பிசினே குங்கிலியம். புத்தர் பெருமான் குசிநகரில் இரு சால மரங்களுக்கு இடையே பரிநிர்வாணம் அடைந்தார் என்பது பௌத்த மரபு.

நாட்டின் படத்தில் சாலக் காடுகளைக் குறித்தால் இரண்டு பட்டைகள் தோன்றும். ஒன்று இமயத்தின் அடிவாரத்தை ஒட்டி இமாசலப் பிரதேசத்திலிருந்து அசாம் வரை நீள்கின்றது. மற்றொன்று ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர், மேற்கு வங்கத்தின் மேற்குப் பகுதி, மத்தியப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதி ஆகியவற்றில் பரவி, ஆந்திரத்தின் வடகோடியைத் தொடுகின்றது. இவற்றின் நடுவே கங்கைச் சமவெளி கிடக்கின்றது. தேக்கு இதற்கு மாறாக மத்திய இந்தியாவின் மேற்குப் பகுதியிலும் தீபகற்பத்திலும் இயற்கையாக வளர்கின்றது. மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் இவ்விரு மரங்களின் ஆட்சி எல்லைகள் சந்திக்கின்றன.

சந்திக்கும் இடத்தில் இரண்டும் தாறுமாறாகக் கலந்து நிற்பதில்லை. தேக்கு சுண்ணாம்புச் சத்தும் நல்ல வடிகாலும் உள்ள மண்ணை விரும்பும். பசால்ட் பாறைச் சரிவுகள் அதற்கு ஏற்றவை. சாலம் ஓரளவு அமிலத்தன்மையுள்ள, ஆழமான, ஈரம் தங்கும், காற்றோட்டமுள்ள மணற்பாங்கான மண்ணை நாடும். ஈரத்தில் உப்பி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கனத்த கரிசல் அதற்கு உகந்ததன்று.

இதனைத் தெளிவாகக் காணத்தக்க இடம் மத்தியப் பிரதேசத்தின் சாத்பூரா மலைத்தொடரிலுள்ள பச்மரி பீடபூமியாகும். அப்பீடபூமி மணற்கல்லால் ஆனது. அதன்மீது சாலம் வளர்கின்றது. அதனை அடுத்துப் பசால்ட் பாறை தலைகாட்டும் போரிப் பகுதியில் தேக்கு ஓங்கி நிற்கின்றது. மழையளவிலோ வெப்பத்திலோ இவ்வளவு குறுகிய தொலைவிற்குள் ஒரு மரத்தை விலக்கி மற்றொன்றை ஏற்கும் அளவு வேறுபாடு இல்லை. காலடியிலுள்ள பாறையும் அதன்மேல் உருவான மண்ணுமே வேறுபடுகின்றன. மண்ணியல் படமும் காட்டுப் படமும் இங்கு ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன.

மரத்தோடு வரும் உயிர்கள்

ஒரு மரத்தின் எல்லையோடு வேறு பல உயிர்களின் எல்லைகளும் இணைந்திருக்கக் காண்கிறோம். மத்திய இந்தியாவின் மேட்டுநிலங்களைப் பற்றி 1871ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட ஜேம்ஸ் ஃபோர்சைத் என்ற அலுவலர் இதனைக் குறித்துள்ளார். சாலம் உள்ள கிழக்குப் பகுதியில் செங்காட்டுக்கோழியும், பாரசிங்கா மானும், காட்டு நீரெருமையும் காணப்படுகின்றன. தேக்கு உள்ள மேற்கு, தெற்குப் பகுதிகளில் செங்காட்டுக்கோழிக்குப் பதிலாகச் சாம்பல் காட்டுக்கோழி வாழ்கின்றது. பச்மரியை அடுத்த தேன்வா ஆற்றுப் பள்ளத்தாக்கில் தனித்துக் கிடந்த சாலக் காட்டுத் துண்டிலும் பாரசிங்காவும் செங்காட்டுக்கோழியும் இருந்ததை அவர் வியப்புடன் பதிவு செய்தார்.

பின்னாளில் பாரசிங்கா அங்கு மறைந்தது. கான்ஹா தேசியப் பூங்காவில் எஞ்சியிருந்த கெட்டிநிலப் பாரசிங்காக்களின் எண்ணிக்கை 1970ஆம் ஆண்டில் 66 என்ற அளவிற்கு வீழ்ந்தது. சாலக் காட்டின் இடையிலுள்ள புல்வெளிகளைப் பாதுகாத்ததன் பயனாக அவ்வினம் மீண்டு, பல நூறாகப் பெருகியது. 2015ஆம் ஆண்டு முதல் கான்ஹாவிலிருந்து சாத்பூராப் பகுதிக்கு அம்மான்கள் மீண்டும் கொண்டு செல்லப்பட்டன. ஓர் உயிரினம் பண்டு எங்கே வாழ்ந்தது என்ற பதிவு, நூற்றாண்டுக்குப் பின்னரும் நடைமுறைப் பயனளித்தது என்பது இதனால் விளங்கும்.

விதையும் பூஞ்சையும்

சாலத்தின் பரவலுக்கு மண்ணைத் தவிர அதன் விதையின் இயல்பும் காரணமாகும். சிறகமைந்த சால விதைகள் பருவமழை தொடங்கும் காலத்தை ஒட்டி உதிர்கின்றன. அவற்றின் முளைக்கும் திறன் ஏறத்தாழ ஒரு வார காலமே நிலைக்கின்றது. மழை அந்த வாரத்தில் வந்தால் விதை முளைக்கும், தாமதித்தால் பட்டுப்போகும். சேமித்து வைத்து வேண்டும்போது விதைக்க இயலாது. முளைத்த கன்றும் பல ஆண்டுகள் தண்டு கருகி, வேர் மட்டும் உயிரோடிருந்து, மீண்டும் தளிர்த்து, இறுதியிலேயே நிலைத்த மரமாகின்றது. தேக்கின் விதையோ கெட்டியான ஓடுடையது; சேமிக்கக் கூடியது; நாற்றங்கால் முறைக்கு இணங்குவது. அதனால்தான் 1840களில் கேரளத்தின் நிலம்பூரில் தொடங்கிய தேக்குத் தோட்ட முறை பல வெப்ப நாடுகளுக்கும் பரவியது. எளிதில் பயிரிட முடிவதே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்கப் போதுமான காரணமாகிவிட்டது.

சாலத்தின் குடும்பம் இந்நிலத்திற்குப் புதியதன்று. குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமையான அம்பர் கிடைத்துள்ளது. அது சாலத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மரங்களின் பிசின் இறுகியது என 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. அப்பிசினுள் பண்டைக்காலப் பூச்சிகள் சிக்கி அழியாமல் உள்ளன.

சால வேர்களோடு சிலவகைப் பூஞ்சைகள் கூட்டு வாழ்க்கை நடத்துகின்றன. பூஞ்சை மண்ணிலிருந்து நீரையும் சத்துகளையும் திரட்டி மரத்திற்குத் தருகின்றது. மரம் தன் இலைகளில் உண்டாகும் சர்க்கரையைப் பூஞ்சைக்கு அளிக்கின்றது. முதல் மழைக்குப் பின் இப்பூஞ்சைகளில் ஒன்று மண்ணுக்குள் சிறு உருண்டைக் காளான்களாக வெளிப்படுகின்றது. ஜார்க்கண்டில் ருக்டா என்றும், பஸ்தரில் போடா என்றும் வழங்கும் இக்காளானைப் பழங்குடிப் பெண்கள் மண்ணைக் கிளறி எடுத்து வாரச் சந்தைகளில் விற்கின்றனர். இதற்கு நல்ல விலை கிடைக்கின்றது. சால மரத்தை அகற்றினால் இந்தக் காளானும் இல்லை.

காட்டையொட்டி வாழும் குடும்பங்களின் வரவு செலவில் சாலத்தின் பங்கு இத்துடன் நிற்பதில்லை. இலை உண்கலமாகத் தைக்கப்படுகின்றது. விதையிலிருந்து எண்ணெய் எடுக்கப்படுகின்றது. தசர் பட்டுப்புழுவிற்குச் சால இலை உணவாகின்றது. சாலக் காட்டில் உடன் வளரும் இலுப்பை இனத்து மகுவாவின் பூவும், பீடி சுற்றப் பயன்படும் தெந்து இலையும் வேனிற்காலத்தில் கைக்காசு தருகின்றன. ஜார்க்கண்டின் பழங்குடியினர் சாலம் பூக்கும் பருவத்தில் சர்ஹுல் விழாக் கொண்டாடுகின்றனர். அப்பூவைப் படைக்காமல் புத்தாண்டு தொடங்குவதில்லை.

புறக்கணிப்பின் விளைவு

1976ஆம் ஆண்டில் அறிக்கை அளித்த தேசிய விவசாய ஆணையம், தொழில்களுக்கு வேண்டிய மரத்தைப் பெருக்குவதற்காக, குறைந்த விளைவு தரும் கலப்புக் காடுகளுக்குப் பதிலாக மனிதர் வளர்க்கும் காடுகளை உருவாக்கப் பரிந்துரைத்தது. மாநிலங்களில் வன வளர்ச்சிக் கழகங்கள் அமைந்தன. ஒரு ஹெக்டேரில் எத்தனை கன மீட்டர் மரம், அதற்கு என்ன விலை என்பதே கணக்கின் அடிப்படையாயிற்று.

அன்று பீகாரைச் சேர்ந்திருந்த சிங்பூம் மாவட்டத்தில் சாலக் காடுகளை வெட்டித் தேக்கு நடும் பணி மேற்கொள்ளப்பட்டது. 1978ஆம் ஆண்டில் பழங்குடியினர் அதற்கு எதிராகத் திரண்டு தேக்கு நாற்றுகளைப் பிடுங்கினர். "சாலம் என்றால் ஜார்க்கண்ட், தேக்கு என்றால் பீகார்" என்ற முழக்கம் அக்காடுகளில் எழுந்தது. காட்டுரிமைப் போராட்டம் தனி மாநிலக் கோரிக்கையுடன் இணைந்தது. 1980 செப்டம்பரில் குவா என்னும் ஊரில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. இதே காலத்தில், அப்போது மத்தியப் பிரதேசத்தில் இருந்த பஸ்தரில், காகிதக் கூழுக்காகச் சாலக் காட்டினை நீக்கி வெப்பமண்டலப் பைன் மரங்களை வளர்க்க உலக வங்கியின் உதவியுடன் திட்டம் வகுக்கப்பட்டது. பழங்குடியினரின் எதிர்ப்பினால் 1980களின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது.

இந்நிகழ்ச்சிகளைத் தேக்கு மரத்தின் மீதான வெறுப்பாகக் கொள்ளுதல் தவறு. தேக்கு தனக்குரிய மண்ணில் மிகச் சிறந்த மரம். அதன் இயற்கை எல்லைக்குள் வாழும் பழங்குடியினர் அதனைப் பேணியே வருகின்றனர். குறை கணக்கிட்ட முறையில் உள்ளது. தேக்கிலிருந்து வரும் வருவாய் பல பத்தாண்டுகள் கழித்து, கழகத்தின் கருவூலத்திற்கு வரும். சாலக் காட்டின் வருவாய் ஆண்டுதோறும், ஏறக்குறைய மாதந்தோறும், குடிசைக்கு வரும். முன்னது வரவு செலவுத் திட்டத்தில் எழுதப்பட்டது. பின்னது எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாத வருவாயை இழந்தவர்களே நாற்றுகளைப் பிடுங்கினர்.

மண்ணின் கணக்கும் இவ்வாறே விடுபட்டது. தேக்கு மட்டுமே அடர்ந்த தோட்டங்களில் அடிநிலச் செடிகள் குன்றுகின்றன. அகன்ற இலைகளில் திரண்ட மழைநீர் பெருந்துளிகளாக வீழ்ந்து வெற்றுத் தரையைக் கரைக்கின்றது. சரிவான நிலங்களில் இது மண் அரிப்புக்கு வழிவகுக்கும் என்பதை வனவியலார் நெடுங்காலமாகவே சுட்டிவந்துள்ளனர்.

கொள்கையில் ஏற்பட்ட மாற்றம்

1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை இப்படிப்பினைகளின் சாயலைக் கொண்டது. போதிய அடர்த்தியுள்ள இயற்கைக் காடுகளை முற்றாக வெட்டும் திட்டங்களை மேற்கொள்ளலாகாது என்றும், நெடுங்கால அறிவியல் சோதனைகளில் உள்ளூர்த் தாவரங்களுக்கும் சூழலுக்கும் தீங்கில்லை என்று உறுதிப்பட்டாலன்றி அயல் இனங்களைப் புகுத்தலாகாது என்றும் அது வரையறுத்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பழங்குடியினரும் பரம்பரையாகக் காட்டில் வாழ்வோரும் சிறு வனப் பொருள்களின் மீது கொண்ட உடைமையுரிமையை ஏற்றது. சால விதை உள்ளிட்ட சில சிறு வனப் பொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அளிக்கும் திட்டம் 2013-14இல் தொடங்கப்பட்டது. எங்கும் எழுதப்படாதிருந்த வருவாய் ஓரளவேனும் அரசுக் கணக்கில் இடம்பெறத் தொடங்கியது.

மண்ணைப் பொறுத்தவரை, நாகபுரியிலுள்ள தேசிய மண் ஆய்வு, நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் நிறுவனம் மண்ணையும் தட்பவெப்பத்தையும் பயிர்க்காலத்தின் நீளத்தையும் இணைத்து நாட்டை 20 வேளாண்–சூழலியல் வட்டாரங்களாக 1992ஆம் ஆண்டில் வகுத்தது. எந்த நிலம் எதற்கு உகந்தது என்பதை அறிவதற்கு இதுவொரு நல்ல தொடக்கமாகும்.

இனிச் செய்ய வேண்டியவை

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் வெளியிட்ட நிலப்படத் தொகுப்பின்படி, 2018-19இல் நாட்டின் பரப்பில் 29.77 சதவீதம், அதாவது 9.785 கோடி ஹெக்டேர், தரங்குன்றிய நிலமாக இருந்தது. 2030ஆம் ஆண்டிற்குள் 2.6 கோடி ஹெக்டேரைச் சீர்படுத்துவதாக 2019இல் இந்தியா அறிவித்தது. இவ்வளவு பெரிய முயற்சியில் கோடிக்கணக்கான மரக்கன்றுகள் நடப்படும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து வெற்றியை அளந்தால் 1970களின் கணக்கே மீண்டும் எழுதப்பட்டதாகும்.

ஆகவே நடவுத் திட்டம் ஒவ்வொன்றும் மூன்று செய்திகளைத் தன் முதற் பக்கத்தில் கொண்டிருத்தல் வேண்டும். அந்நிலத்தின் தாய்ப்பாறையும் மண்ணும் யாவை என்பது முதலாவது. அந்த மண்ணில் இயற்கையாக எத்தகைய தாவரக் கூட்டம் வாழ்ந்தது என்பது இரண்டாவது. அத்தாவரங்களிலிருந்து அங்குள்ள மக்கள் எந்தெந்தப் பருவத்தில் என்ன பெற்றுவந்தனர் என்பது மூன்றாவது. முதலிரண்டிற்கும் ஆய்வு நிறுவனங்களின் படங்கள் உதவும். மூன்றாவதற்கு அந்தக் கிராம மக்களையே கேட்க வேண்டும்.

மாறிவரும் தட்பவெப்பம் இதனை மேலும் அவசரமாக்குகின்றது. மழையும் வெப்பமும் இடம் மாறும்போது மரங்களும் இடம்பெயர வேண்டியிருக்கும். ஒரு வாரமே உயிர் தாங்கும் விதையைக் கொண்ட சாலம், வயல்களையும் சாலைகளையும் சுரங்கங்களையும் தாண்டிச் செல்ல இயலாது. இருக்கும் காடுகளைத் தொடர்ச்சி அறாமல் காப்பதே அதற்கு நாம் அளிக்கக்கூடிய வழியாகும். நட்டு வளர்ப்பதற்கு ஆகும் செலவைவிட இது குறைவானது. பயனும் இன்றிலிருந்தே கிடைப்பது.